இடப்பக்கத்துப் பறவைகள்

ஐப்பசி மாதத்து ஒரு காலையில், எங்கள் கொல்லையில் நடந்துகொண்டிருந்த வாலாட்டிக் குருவி ஒன்று என் கண் முன்னாலேயே காணாமல் போயிற்று. பறந்து போகவில்லை, புதரில் நுழையவுமில்லை. கிணற்றடியில் புறப்பட்டு, வாலை ஆட்டிக்கொண்டே, அடங்கல் கணக்கு எழுத வந்த கர்ணம் மாதிரி தரையைப் பார்த்தபடி நடந்து வந்தது. நடுவில் நிற்கும் கொய்யா மரத்தைத் தாண்டியதும் இல்லை.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கொய்யா மரம் இருந்தது. அதற்கு வலப்பக்கம் கிணறு, எலுமிச்சை, மாட்டுக் கொட்டகை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. குருவி மட்டும் இல்லை. ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணமே, ‘சரி, போயிற்று’ என்று ஏற்றுக்கொண்டேன். அப்படி ஏற்றுக்கொண்டதுதான் நோயின் முதல் அறிகுறி என்று பிற்பாடு சொன்னார்கள்.

நான் சரித்திர வாத்தியார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓய்ந்த நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். படித்துச் சிரித்ததாக இதுவரை இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர். வயது அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

குளிர்காலம் வருவதை எங்கள் ஊரில் கம்பளியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பறவைகளை வைத்துத்தான் சொல்லவேண்டும். புரட்டாசிக் கடைசியில் வாலாட்டி வரும். ஐப்பசி மழையோடு மாங்குயிலும் கீச்சானும் வரும். எந்த ஊரிலிருந்தோ பறந்து களைத்துவந்த ஆறுமணிக்குருவி, வேலியோரத்து முருங்கையடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் இவர்களை வரவேற்கக் கொல்லையில் சாய்வு நாற்காலி போட்டு உட்காருவது என் வழக்கம். வேறு எந்த வரவேற்புக் குழுவிலும் என்னைச் சேர்த்துக்கொண்டதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர் எனக்கு வைத்தியம் பார்த்த தஞ்சாவூர் டாக்டரம்மா. “உங்கள மாதிரி ஆளுங்க வீட்ல இருந்தா, வீட்ல உள்ளவங்களுக்கு ஒண்ணுமே புரியாது சார். பயந்துடுவாங்க, இல்லாட்டி சிரிச்சிடுவாங்க. எழுதுங்க” என்றார். எங்கள் வீட்டில் முதலில் சிரித்தார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. நகைச்சுவை எழுதுகிறவனுக்கு உடம்புக்கு வந்தால் அதையும் ஒரு கட்டுரைக்கான ஒத்திகை என்றுதான் உலகம் நினைக்கும்.

குருவி மறைந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. மழையோ ஊரை ஏமாற்றிவிட்டு நின்றிருந்தது. நான் சவரம் செய்துகொண்டேன். கண்ணாடியில் முகம் திருப்தியாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்க டீக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையிலிருந்த டீயைச் சிந்திவிட்டார்.

“என்ன சார், மொகத்துலயும் உச்சவரம்பா? பாதிய சர்க்காருக்கு ஒப்படைச்சிட்டீங்க போல!”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்தச் சமயத்தில் நில உச்சவரம்பைத் தவிர எங்கள் பக்கம் வேறு பேச்சே கிடையாது. யார் நிலம் உபரி, யார் பினாமி பெயரில் ஒளித்தார் என்பதிலேயே டீக்கடை ஓடியது. அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தேன். புரியாத வேடிக்கைக்கும் சிரித்து வைக்காவிட்டால் என் தொழிலில் மரியாதை போய்விடும்.

யாரோ ஒருவர் பின்னாலிருந்து என் இடது செருப்பைக் கொண்டுவந்து போட்டார். “தெரு முனையில கெடந்துச்சு சார். இதுவும் உபரியா?” என்றார். மறுபடியும் சிரிப்பு. ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். ஈரச் சேறு காலில் பட்டது தெரியவே இல்லை. பேப்பரில் எல்லா வரிகளும் பாதியிலிருந்து தொடங்கின. அரசியல் செய்திகள்தானே, வழக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வீடு திரும்பி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கிணற்றடியில் மைனா இருந்தது, எலுமிச்சையில் தேன்சிட்டு இருந்தது. முருங்கையடிக்கு வரவேண்டிய தவிட்டுக்குருவிக் கூட்டத்தை மட்டும் காணோம். ஆறுமணிக்குருவியையும் காணோம். முருங்கைப் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. அவை வரவில்லை என்று தீர்மானித்துவிட்டேன். ஏன் வரவில்லை என்பதற்குக் காரணமும் உடனே கிடைத்தது.

வேலிக்கு அந்தப்புறம் ராஜாங்கத்தின் வயல். கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், செங்கொடிச் சங்கத்தில் முக்கியமான ஆள். புதுரகக் குட்டை நெல் வந்ததிலிருந்து ஊர் முழுக்க எண்ட்ரின் (நெற்பயிருக்கு அடிக்கும் கொடிய பூச்சிமருந்து) வாடை. வரப்பில் நண்டும் தவளையும் மல்லாந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மடையான் ஒன்று சிறகை விரித்தபடி வாய்க்காலில் மிதந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, என் பறவைகளை ராஜாங்கம் கொன்றுவிட்டார்.

வேலியோரம் போய் நின்று கூப்பிட்டேன். அவர் வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“ராஜாங்கம், மருந்தடிக்கறதுக்கு ஒரு அளவு இல்லையா? கொல்லையில ஒரு குருவி மிச்சமில்ல!”

“நான் எங்க சார் அடிச்சேன்? இந்தப் போகத்துக்கு சொசைட்டியில மருந்தே வரல.”

“அப்ப குருவியெல்லாம் எங்க போச்சு?”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். முகம் இறுகிப்போயிற்று. அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தை எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடவுக் கூலித் தகராறு முற்றி, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போலீஸ் வேன் நின்றுகொண்டிருந்தது. குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு எழுப்ப ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்று பெரிய வீடுகளில் காத்திருந்தார்கள்.

“சார், யாரு சொல்லிக் குடுத்து வந்து நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பதா? ஏதோ கத்தினேன். அவரும் குரலை உயர்த்தினார். நடுவில் சட்டென்று நிறுத்தி, “உங்க தோளுக்குப் பக்கத்துலதான் தவிட்டுக்குருவி கூட்டமா உக்காந்து கத்துது. நம்மளவிட அது பெரிய சண்டையா போடுது. காதுல விழலையா?” என்றார்.

விழுந்தது. ஆனால் சத்தம் அந்தக் கோடியிலிருந்து, என் வலப்பக்கத்திலிருந்து வந்தது. “அங்க இல்ல கத்துது?” என்று கை காட்டினேன். ராஜாங்கம் நான் காட்டிய திசையைப் பார்த்தார், முருங்கை மரத்தைப் பார்த்தார், பிறகு என் பாதிச் சவர முகத்தை வெகுநேரம் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் சாப்பிட வந்தேன்.

எங்கள் கொல்லையில் வாழைக்குப் பஞ்சமில்லை. தினமும் இலைச் சாப்பாடுதான். இலை போடுவதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்: நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம். உப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தப் பக்கம். எங்கள் பக்கத்தில் இலையைத் திருப்பிப் போடுவது செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தான். உயிரோடு இருப்பவன் முன்னால் கை தவறிக்கூட யாரும் அப்படிப் போடமாட்டார்கள்.

என் மனைவி மங்கை பரிமாறிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

“மங்கை, உப்பு வைக்கலையே?”

“கண்ணு முன்னாடிதான் இருக்கு.”

“ஊறுகாய்?”

“வெளையாடாதீங்க. எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு.”

“அப்பளம் பொரிச்ச வாசனை வருது. யாருக்கு ஒளிச்சு வச்சிருக்க?”

உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சோறு தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். அவள் அகப்பையோடு வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள், இலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

சோற்றின் வலது பாதி துடைத்த மாதிரி காலி. இடது பாதி, அண்டை வெட்டிச் செதுக்கிய வரப்புப் போல நேர்க்கோட்டில் அப்படியே நின்றுகொண்டிருந்ததாம். இதெல்லாம் அவள் பிறகு சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். திருப்பினாள்.

உப்பு வந்தது. ஊறுகாய் வந்தது. ஒரு அப்பளம், ஒரு குன்று சோறு. எல்லாம் காற்றிலிருந்து வந்தன.

“இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“இப்பதானே வச்ச?”

அவள் மறுபடியும் இலையைத் திருப்பினாள். அப்பளம் போய்விட்டது. மறுபடியும் திருப்பினாள். வந்துவிட்டது. இலை சாய்ந்ததில் சாம்பார் தரையில் வழிந்தது. “என்னடி செய்யிற, அபசகுனமா?” என்று அதட்டவேண்டும் என்று வாயெடுத்தேன்.

காலையில் மறைந்த குருவி அப்போது நினைவுக்கு வந்தது. அது சாகவில்லை. யாரும் அதைக் கொல்லவில்லை. கொய்யா மரத்தைத் தாண்டி அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்திருக்கிறது. மரத்துக்கு அந்தப் பக்கம் எனக்குத்தான் உலகம் இல்லை. உடம்பெல்லாம் ஜில்லிட்டது. இல்லை, வலப்பக்கம் மட்டும் ஜில்லிட்டது; அந்த வித்தியாசம்கூட அப்போது தெரியவில்லை.

“எழுந்திரிங்க” என்றாள் மங்கை. “டாக்டர்கிட்ட போகணும்.”

பஸ் வரவில்லை. தாளடி என்னும் இரண்டாம் போக நடவுக்கு வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார்கள் என்று மெயின் ரோட்டில் மறியல். மங்கை வேலியோரம் ஓடிப்போய் ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள். காலையில் நான் அவரிடம் என்ன கத்தினேன் என்பது அவளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

“அப்பவே நெனச்சேங்க்கா. மொகத்தப் பாத்ததுமே கேட்டிருக்கணும். ஏதோ எழுதுறதுக்கு வேஷம்னு விட்டுட்டேன்” என்றபடி மாட்டுவண்டியைப் பூட்டினார். வைக்கோல் பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். வண்டியோட்ட ஏறும்போதுதான் என் இடது கால் வண்டிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டிருப்பதை அவர் பார்த்து எடுத்துவிட்டார். எனக்கு வலிக்கவில்லை.

மறியல் நடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள்.

“யாருண்ணே உள்ள, மிராசா?”

“வாத்தியாருப்பா. ஒடம்பு சரியில்ல.”

“தமாஷா எழுதுவாரே, அவரா? நெசமாவே ஒடம்பு சரியில்லயா, இல்ல கதையா?”

“நெசம்தான்டா. நகருங்க எல்லாரும்.”

கூட்டம் விலகியது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் ஆட்கள். இவ்வளவு குறைச்சலாக ஆள் சேர்த்தால் கூலி எங்கே உயரப்போகிறது என்று வருத்தப்பட்டேன். இரண்டு பக்கமும் ஆள் நெருக்கியடித்து நின்றதாக மங்கை பிறகு சொன்னாள்.

மன்னார்குடி டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஒரு ஊசி போட்டுத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேதான் அந்த இளம் டாக்டரம்மா வந்தார். என் கண்ணைச் சோதித்தார். கண் நன்றாக இருக்கிறது என்றார். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டுப் பன்னிரண்டு எண்களையும் எழுதினேன். சற்று நெருக்கடியாக இருந்தது. எல்லா எண்களும் வலது பாதியிலேயே, டவுன் பஸ் கூட்டம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இடது பாதி காலி. எனக்கு அது நல்ல கடிகாரமாகவே தெரிந்தது.

பிறகு அவர் ஒரு கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“இது யார் கை?”

“உங்க கை.”

“எனக்கு மூணு கையா சார்?”

“டாக்டருக்கு இருக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. கையை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அதன் தோல் வாரில் மைக்கறை. என் கடிகாரம். “என் வாட்ச்ச நீங்க ஏன் கட்டியிருக்கீங்க?” என்று கேட்டேன். மங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா அந்தக் கையை மெல்ல மடக்கி என் மார்பின்மேல் வைத்தார். அது கனத்தது. யாரோ செத்தவருடைய கையை என்மேல் வைத்துவிட்டதுபோல் அலறினேன். வாழ்நாளில் நான் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவ்வளவு பேர் ஓடிவந்ததில்லை.

அவர் விளக்கினார். எனக்கு வந்திருப்பது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவது). கை கால் விழுந்துவிடுவது மட்டும்தான் பக்கவாதம் என்று நாம் நினைக்கிறோம். எனக்குக் கையும் காலும் கொஞ்சம் தளர்ந்ததோடு சரி. மூளையின் வலப்பக்கத்தில் அடி விழுந்ததால் ‘இடப்பக்கப் புறக்கணிப்பு’ (கண்ணும் காதும் சரியாக இருந்தும் இடப்புறம் உள்ளதை மூளை கவனிக்க மறுப்பது) வந்திருக்கிறது. இடப்பக்கம் இருட்டாகத் தெரியாது. இருட்டாகத் தெரிந்தால்தான் பரவாயில்லையே, விளக்கைத் தேடலாம். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

“திரும்பி வருமா டாக்டர்?” என்று மங்கைதான் கேட்டாள்.

“வரலாம். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாதும்மா. முதல் சில மாசம்தான் முக்கியம்.”

“வரலன்னா?”

“ரோட்ட தனியா தாண்டக்கூடாது. படிக்கிறது, எழுதுறது, பாடம் நடத்துறது எல்லாம் சிரமம்தான்.”

மாத்திரைகள் ரத்த அழுத்தத்துக்குத்தான். இடப்பக்கத்தை மீட்க மருந்து கிடையாது. பழக்கம்தான் மருந்து. இடது தோளைத் தாடை தொடுகிற அளவுக்குத் தலையைத் திருப்பவேண்டும். கண்ணை இழுக்கிற மாதிரி இடக்கோடியில் சிவப்பாக ஏதாவது கட்டிவைத்து, அதைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பார்க்கத் தொடங்கவேண்டும். “தினமும் ஆசையா பாக்குற விஷயம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். குருவிகளைச் சொன்னேன். “ரொம்ப நல்லது. அதுங்க சும்மா இருக்காது. அசையுறதுதான் கவனத்த இழுக்கும்” என்றார். மங்கையைத் தனியே அழைத்து வேறு ஏதோ சொன்னார்.

இப்படியாக, கார்த்திகை பிறந்தபோது அரசாங்க டாக்டர் உத்தரவின்பேரில் கொல்லையில் குருவி பார்க்க உட்கார்ந்தேன். இடது கையில் ஈரத்துணிப் பந்து ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார்கள். மங்கை ஒரு சிவப்புத் துண்டை வேலியோரத்து முருங்கையில் கட்டினாள்.

இரண்டே நாளில் ஊர் பரபரப்பாகிவிட்டது. சிவப்புத் துணி காற்றில் ஆடினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து நலம் விசாரிப்பதுபோல் முருங்கையை விசாரித்துவிட்டுப் போனார். ராஜாங்கம் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

“சங்கத்துல கேக்குறாங்க சார், நீங்க எப்ப சேந்தீங்கன்னு.”

“அது வைத்தியத்துக்கு ராஜாங்கம்.”

“எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க.” சற்று நின்று, “மருந்து கேசு என்னாச்சு சார்?” என்றார்.

“வாபஸ்” என்றேன்.

நோயாளிகளுக்காக இதைச் சொல்லவேண்டும்: தலையைத் திருப்புவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். இல்லாத ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்வது மாதிரி அது. ஏன் திரும்பவேண்டும்? அங்கே ஒன்றுமில்லையே! கழுத்து கொய்யா மரம்வரை போகும், நின்றுவிடும். திருப்பிவிட்டதாக நான் சத்தியம் செய்வேன். மங்கை நொய்யரிசியைக் கிணற்றடியில் இறைத்தாள். நாளாக ஆக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் தள்ளினாள். தவிட்டுக்குருவிகள் அரிசியைத் தொடர்ந்து போயின. நான் தவிட்டுக்குருவிகளைத் தொடர்ந்து போனேன். கொய்யாவைத் தாண்டியதும் அவை ஒவ்வொன்றாக அணைந்துபோகும். அவை அணையும்போதெல்லாம் திகிலடிக்கும். அந்தத் திகில் நல்லது என்றார் டாக்டரம்மா. ஒன்று குறைகிறது என்று தெரிய ஆரம்பித்துவிட்டதாம்.

ஒரு காலை, மழை விட்ட பொழுதில், சிவப்பு தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளம் வடியும்போது ஒவ்வொரு வரப்பாக வெளியே வருமே, அந்த மாதிரி முருங்கை வந்தது, வேலி வந்தது. முருங்கையடியில் பச்சையும் நீலமுமாக ஆறுமணிக்குருவி, எனக்காகக் காத்திருக்காமல் தன் வேலையாகச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. நான் மூச்சு விடவில்லை. கண் இமைத்தேன், போய்விட்டது. மறுபடியும் சிவப்பைத் தேடிப் போனேன். வந்தது. வாய்விட்டு அழுதேன் என்று எழுதினால் மைத்துனர் நம்பமாட்டார், அழுதேன்.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை.

அந்த வாரங்களில் எனக்கு ஒரு குறை இருந்தது. காலையில் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு மங்கை போய்விடுவாள். காப்பி வரும், மாத்திரை வரும், அவள் வரமாட்டாள். நோயாளியோடு சற்று உட்காரக்கூட ஒரு மனுஷிக்கு நேரமில்லையா? கேட்க ஆளில்லாததால் கிணற்றடி மைனாவிடம் முறையிட்டேன். இவள் போடும் காப்பி வரவர மோசமாகிறது என்றேன். நான் பாரமாகிவிட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியிலேயே போயிருந்தால் இவளுக்கு நிம்மதி என்றும் ஒருநாள் சொன்னேன். மைனா நல்ல விதமாகக் கேட்டுக்கொண்டது.

கார்த்திகைக் கடைசியில், சிவப்புத் துண்டைத் தேடிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே போனபோது, துண்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழங்கால் தெரிந்தது. அதன்மேல் முறம். முறத்தில் முருங்கைக்கீரை. கீரையை ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு கைகள். மேலே பார்த்தேன். மங்கை. கையை நீட்டினால் தொடுகிற தூரம்.

“நீ எப்ப வந்த?”

அவள் கை நின்றுவிட்டது. “விடிஞ்சதுலேர்ந்து இங்கதான் இருக்கேன்.”

“நேத்து?”

“நேத்தும்தான்.”

“அதுக்கு முன்னாடி?”

ஆய்ந்த கீரையை முறத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

“கூப்பிட்டிருக்கலாமே மங்கை?”

“கூப்புடக் கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. இடப்பக்கம் போய் உக்காந்துக்கிட்டு சும்மா இருக்கணுமாம். நீங்களா திரும்பணுமாம்.” ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். “மத்தது போகட்டும். அந்தக் காப்பி விஷயத்த மைனாகிட்ட சொல்லியிருக்க வேணாம்.”

சிரிக்க முயன்றேன். முகத்தின் பாதி ஒத்துழைத்தது. அவள் உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இவ்வளவு நாளும் புருஷன் தன் சாவைப் பற்றி ஒரு பறவையோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டு, அழுதால் சத்தம் வரும், வந்தால் வைத்தியம் கெடும் என்று அடக்கிக்கொண்டு, ஒருத்தி என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் தனியாக இருந்தேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சாட்சி சொல்லியிருப்பேன். ராஜாங்கத்தின்மேல் சொன்ன அதே உறுதியோடு.

அன்று முதல், ஒன்றை இல்லை என்று தீர்மானிக்கும் அவசரம் எனக்குப் போய்விட்டது.

தை பிறந்து அறுவடை முடிந்ததும் பள்ளிக்கூடம் திரும்பினேன். முதல் சில வாரம் இடப்பக்கத்து பெஞ்சுக்காரர்களுக்குப் பொற்காலம். ஒரு கேள்விகூட அவர்களை நோக்கிப் போகவில்லை. அப்புறம் நானே வகுப்பைச் சுற்றி நடக்கக் கற்றுக்கொண்டேன். தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கோட்டைத் தொட்ட பிறகுதான் வரி தொடங்கும். இந்தக் கட்டுரையும் அப்படி எழுதியதுதான்.

கடைசியாகத் தஞ்சாவூர் போனபோது டாக்டரம்மா தன் இரண்டு கையையும் விரித்து, இடப்பக்கம் ஒரு விரலை ஆட்டினார். தெரிகிறது என்றேன். வலப்பக்கம் ஆட்டினார். தெரிகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் ஆட்டினார். வலப்பக்கம் மட்டும் என்றேன். பக்கத்திலிருந்த மங்கை பெருமூச்சு விட்டாள்.

“இது இப்படியேதான் இருக்கும் சார். இடது தனியா வந்தா நிக்கும். ரெண்டும் சேந்து வந்தா தோத்துப்போகும். தொட்டாலும் அப்படித்தான்.”

“அப்ப நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யவேணாம். கொஞ்சம் நின்னு பாருங்க.”

நின்று பார்க்கிறேன். இது அடுத்த மார்கழி. சாலை ஓரத்தில், வகுப்பு வாசலில், இலைக்கு முன்னால், எல்லா இடத்திலும் ஒரு கணம் நிற்கிறேன். ஏதோ தத்துவ விசாரம் என்று புதிதாக வந்தவர்கள் மரியாதை தருகிறார்கள். நான் மறுக்கவில்லை.

எங்கள் ஊர் வாய்க்காலின் கடைசி ஊர். மேட்டூரில் தண்ணீர் திறந்து, தலைமடைக்காரர்கள் நாற்று விட்ட பிறகும் எங்கள் வாய்க்காலில் புழுதிதான் இருக்கும். வராதோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு விடியலில் நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும். என் உடம்பிலும் இப்போது தலைமடை கடைமடை உண்டு. வலப்பக்கம் நடப்பது உடனே நடக்கிறது. இடப்பக்கம் நடப்பது சற்றுக் கழித்து நடக்கிறது. ஒரே ஆள், இரண்டு நேரம்.

இன்று காலை கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். பனி இறங்கியிருந்தது. வலது காது சில்லிட்டது. வலத் தோளில் ரோமம் சிலிர்த்தது. இடப்பக்கத்தில் இன்னும் போர்வைக்குள் இருந்த வெதுவெதுப்பு. மார்கழி பாதிதான் வந்திருந்தது. நகராமல் நின்றேன். வேலிக்கு அப்பால் ஏதோ ஒரு பறவை, பெயர் தெரியாதது, சிறகை உதறும் சத்தம் கேட்டது. நான் இன்னும் கொஞ்சம் நின்றேன்.

பிறகு, மெல்ல, இடது காதும் குளிர்ந்தது.